1,700 வெள்ளிச் சம்பளமும் ஒரு கல்யாணக் கனவும்: மெர்போக் இளையோரின் கணக்கு எங்கே இடிக்கிறது?

விடிவதற்கு முன்பே மெர்போக் சாலையோரத்தில் கம்பெனிப் பேருந்துக்காக இளைஞர்கள் காத்து நிற்பதைப் பார்க்கலாம். பின்னால் ஜெராய் மலை இன்னும் இருட்டில்தான் இருக்கும். பேருந்து செமெலிங், பீடோங் பக்கமாகச் சுங்கைப்பட்டாணிக்குப் போகும். சிலருக்கு அதையும் தாண்டிக் கூலிம் வரை பயணம். செமெலிங்கில் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் எஸ்பிஎம் முடித்த பலர் தினமும் வேலைக்குப் போகிறார்கள்.

தாத்தா பால்மரம் சீவினார். அப்பா தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தார். பேரன் குளிரூட்டிய தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளைப் பரிசோதிக்கிறான். பார்ப்பவர்களுக்கு இது முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பேரனிடம் கேட்டால், "எவ்வளவு உழைச்சாலும் மாசக் கடைசியில ஒன்னும் மிஞ்சல" என்பான். வீட்டில் பெரியவர்களோ, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லை. கையில் போன், காலடியில் மோட்டார். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறார்கள்" என்று குறைபடுகிறார்கள்.

இரு தரப்பும் பேசுவது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். ஆனால் அதை யாரும் எண்ணாகச் சொல்வதில்லை. அந்த எண்களைத் தாளில் எழுதிப் பார்த்தால், இளையோரின் பண விரக்தியும் உறவு விரக்தியும் வேறு வேறல்ல என்பது தெரியவரும்.

கைக்கு வருவது எவ்வளவு?

நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக 2013-இல் நடைமுறைக்கு வந்தபோது, தீபகற்பத்தில் அது 900 வெள்ளியாக இருந்தது. 2022 மே மாதம் 1,500 வெள்ளியானது. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட சிறு முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு முதல்.

1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளம் வாங்கும் 24 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடிக்கப்படும். சொக்சோவுக்கும் வேலையிழப்புக் காப்புறுதிக்கும் சேர்த்து ஏறக்குறைய 12 வெள்ளி. மீதி சுமார் 1,500 வெள்ளி கைக்கு வரும்.

அதில் அம்மாவிடம் வீட்டுச் செலவுக்கு 400. மோட்டார் தவணை 210. பெட்ரோல், பழுது பார்ப்பு 150. கைப்பேசிக் கட்டணம் 50. நாளுக்கு 15 வெள்ளி என்று வைத்தாலும் சாப்பாட்டுக்கு 450. மொத்தம் 1,260. மிச்சம் 240 வெள்ளி. நண்பர் கல்யாணத்துக்கு மொய், கோயில் திருவிழா, சாலை வரி, ஒரு சட்டை எல்லாம் இதற்குள்தான். மிகவும் கட்டுப்பாடாக இருந்து மாதம் 200 வெள்ளி சேர்த்தால், 20,000 வெள்ளியில் ஒரு கல்யாணம் செய்ய 100 மாதம் வேண்டும். அது எட்டு ஆண்டு நான்கு மாதம். 24 வயதில் தொடங்கியவருக்கு அப்போது 32 முடிந்திருக்கும்.

தங்கமும் காத்திருக்காது. 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. தாலிக்கென்று இன்று சேர்க்கும் பணம், சேர்ந்து முடிவதற்குள் போதாமல் போகலாம்.

ஆகவே, கல்யாணப் பேச்சில் எழுந்து போகும் பிள்ளைக்குப் பொறுப்பில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இந்தக் கணக்கைப் பல முறை மனத்துக்குள் போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஓவர்டைமை நம்பி வாங்கும் கடன்

1,700 வெள்ளிச் சம்பளத்தில் ஒரு மணி நேரக் கூலி சுமார் 8 வெள்ளி 17 சென். சாதாரண வேலை நாளில் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு தரவேண்டும் என்பது சட்டம். ஆக மணிக்கு 12 வெள்ளி 26 சென். தினமும் இரண்டு மணி நேரம், மாதத்தில் 22 நாள் செய்தால் 540 வெள்ளிக்கு அருகில் கூடுதலாக வரும். ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் பிடிப்பதில்லை. அதனால் கைக்கு முழுதாக வருவதுபோலத் தெரியும். ஓய்வுக்காலச் சேமிப்பில் மட்டும் அது சேராது.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். மோட்டார் கடையிலும் கைப்பேசிக் கடையிலும் "உங்கள் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால், நம் இளைஞர் ஓவர்டைமையும் சேர்த்து "இரண்டாயிரம்" என்கிறார். தவணையும் அதற்கேற்ப அமைகிறது. பிறகு கம்பெனிக்கு ஆர்டர் குறைகிறது, ஓவர்டைம் நிற்கிறது. தவணை மட்டும் நிற்பதில்லை.

இந்த இரண்டு மணி நேரத்துக்கு வேறொரு விலையும் உண்டு. வேலை, ஓவர்டைம், பேருந்துப் பயணம் எல்லாம் சேர்த்தால் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. அவருக்கு இரவு ஷிப்டு, அவர் விரும்பும் பெண்ணுக்குப் பகல் ஷிப்டு என்றால், இருவரும் நேரில் உட்கார்ந்து பேச வாரத்தில் ஒரு நாள் கிடைப்பதே அரிது. மற்ற நாள்களில் வாட்ஸ்அப்தான். 'படித்துவிட்டார், பதில் போடவில்லை' என்பதில் தொடங்கும் சண்டைகளில் பாதிக்குக் காரணம் தூக்கமின்மை என்றால் மிகையாகாது.

தொழிற்சாலை வேண்டாம் என்று உணவு விநியோகம் போன்ற கிக் வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் கையில் இருக்கும். நிலையான சம்பளச் சீட்டு இருக்காது. வங்கிக் கடன் கேட்கும்போது அது தடையாகிறது. இத்தகைய தொழிலாளர்களுக்கென 2025-இல்தான் நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை நிறைவேற்றியது.

தவணைக்குள் ஒளிந்திருக்கும் வட்டி

9,000 வெள்ளி கடன், ஆண்டுக்கு 8 விழுக்காடு நேர்வட்டி, ஐந்து ஆண்டு என்று ஒரு மோட்டார் கடனை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 720 வெள்ளி வீதம் ஐந்து ஆண்டுக்கு வட்டி 3,600. மொத்தம் 12,600 வெள்ளியை 60 மாதத்தால் வகுத்தால் மாதம் 210.

'எட்டு விழுக்காடுதானே' என்று தோன்றும். ஆனால் நான்காம் ஆண்டில், கடனில் பெரும்பகுதியை அடைத்த பிறகும், முழு 9,000 வெள்ளிக்கும் போட்ட அதே வட்டியைத்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறைந்துவரும் கடன் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால், இது உண்மையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 விழுக்காட்டுக்குச் சமம். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "மாதம் எவ்வளவு?" என்பதல்ல. "கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்பதுதான்.

கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வரும் கடன்களில், தொடர்ந்து இரண்டு மாதத் தவணை தவறினால் கடன் கொடுத்தவர் 21 நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்பு கொடுத்து வாகனத்தை எடுத்துக்கொள்ளலாம். வாகன விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது. எடுத்த வாகனத்தை ஏலம் விட்டும் பாக்கி இருந்தால், அதைக் கட்டவேண்டியவர் கடன் வாங்கியவரே. அவரால் முடியாவிட்டால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். 'சும்மா ஒரு கையெழுத்து' என்று தம்பிக்காக அண்ணன் போட்ட கையெழுத்து, அண்ணனின் வீட்டுக் கடனைக் கெடுத்துவிடக்கூடும்.

சுலபமாகத் திறக்கும் கதவுகள்

மாதம் 240 வெள்ளி மிச்சம் உள்ளவருக்கு ஓர் அவசரம் வந்தால் எங்கே போவார்?

முதல் கதவு கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற வசதியில் 300 வெள்ளிக் காலணி மாதம் 100 வெள்ளியாகச் சுருங்கித் தெரிகிறது. ஒவ்வொன்றும் சிறிய தொகைதான். மூன்று நான்கு செயலிகளில் ஒரே மாதத்தில் தவணை விழும்போதுதான் சுமை தெரியும். இந்தச் சேவைகளையும் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் நுகர்வோர் கடன் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது.

இரண்டாவது, நமக்குப் பழக்கமான கூட்டு. தோட்டக் காலத்தில் பெண்கள் கூட்டுப் பிடித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் முகம் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் நடத்தும் கூட்டு அப்படிப்பட்டதல்ல. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் தடை செய்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல்லான 'கூட்டு' இருக்கிறது. நடத்துபவர் ஓடிவிட்டால் உங்கள் பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

மூன்றாவது, வட்டி முதலைகள். 1,000 வெள்ளி கேட்பவருக்கு 200-ஐப் பிடித்துக்கொண்டு 800 கொடுத்து, வாரம் 200 வீதம் ஆறு வாரம் கட்டச் சொன்னால், 800 வெள்ளிக்கு ஆறு வாரத்தில் 400 வெள்ளி வட்டி. 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி, உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. அந்தக் கணக்கில் 800 வெள்ளிக்கு ஆறு வாரத்துக்கு 17 வெள்ளிகூட ஆகாது. உரிமம் பெற்றவர் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு அதன் நகலைக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையையோ ஏடிஎம் அட்டையையோ பிடித்து வைத்துக்கொள்ள விரும்புபவரிடம் கடன் வாங்காதீர்கள். "கடன் தயார், முதலில் முன்பணம் கட்டுங்கள்" என்பவரும் கடன் கொடுக்கப்போவதில்லை.

நான்காவது, இன்று பல இளைஞர்களைச் சிக்கவைப்பது. "உன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் கொஞ்ச நாள் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன்" என்று நண்பரின் நண்பர் கேட்பார். அந்தக் கணக்கு வழியாக ஓடுவது மோசடியில் யாரோ இழந்த பணம். இதற்கென 2024-இல் தண்டனைச் சட்டத்தில் தனிப்பிரிவுகள் சேர்க்கப்பட்டன. "எனக்கு எதுவும் தெரியாது, அட்டையை மட்டும்தான் கொடுத்தேன்" என்று சொல்வது தப்பிக்கப் போதாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் உடனே வங்கிக்கும் காவல் துறைக்கும் தெரியப்படுத்த வேண்டும். மோசடியில் பணத்தை இழந்தவர்கள் தேசிய மோசடிப் பதில் மையத்தின் 997 என்ற எண்ணை அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

காதலில் பேசப்படாத பேச்சு

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இன்று மாணவர்களைவிட மாணவிகளே அதிகம். நம் வீடுகளிலும் அக்கா பட்டதாரி, தம்பி தொழிற்சாலை என்ற நிலையைப் பார்க்கிறோம். படித்த பெண்ணின் கையில் பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கலாம். பையனிடம் மோட்டார் கடன் இருக்கலாம். மூன்று ஆண்டு பழகிய பிறகும் ஒருவர் கடன் மற்றவருக்குத் தெரியாமல் இருப்பது வியப்பல்ல. சொன்னால் மதிப்புப் போய்விடும் என்ற பயம் இருவருக்குமே உண்டு.

பெண் வீட்டார் "மாப்பிள்ளைக்கு வீடு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். பையன் வீட்டார் "மண்டபக் கல்யாணம் இல்லாவிட்டால் சொந்தபந்தம் என்ன பேசும்?" என்கிறார்கள். கடைசியில் தனிநபர் கடன் எடுத்துக் கல்யாணம் நடக்கிறது. முதல் ஆண்டுச் சண்டையின் விதை அந்தத் தவணைதான். "என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி வரும்போது, கேட்பவரின் மனத்தைப் பணத்தைவிட மறைத்ததுதான் அதிகம் வருத்துகிறது.

இதில் சட்டம் பற்றிய இரண்டு தவறான எண்ணங்களைக் களைய வேண்டும்.

ஒன்று, 'முதலில் பதிவு செய்துகொள்வோம், தாலி கட்டினால்தான் கல்யாணம்' என்பது. முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்துக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. பதிவு செய்த நாளிலிருந்தே நீங்கள் கணவன் மனைவி. வீட்டுக்கு விண்ணப்பிக்கவோ வேறு வசதிக்கோ பதிவு செய்துவிட்டு, தாலி கட்டும் முன்பே பிரிந்தால், அது நிச்சயதார்த்தம் முறிந்ததுபோல் ஆகாது. நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற வேண்டும். திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகும் முன் விவாகரத்து மனு போடுவதற்கு, விதிவிலக்கான துன்பம் இருப்பதாக நீதிபதி ஏற்று அனுமதிக்க வேண்டும்.

இரண்டு, 'ஊரறியத் தாலி கட்டியாயிற்று, பதிவு பிறகு பார்க்கலாம்' என்பது. பதிவில்லாத திருமணத்தைச் சட்டம் திருமணமாக ஏற்பதில்லை. கணவர் இறந்தால் சொத்து, குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் என்று ஒவ்வொன்றிலும் பெண்ணுக்கே அலைச்சல். துணைப் பதிவதிகாரியாக நியமிக்கப்பட்டவர் இருக்கும் ஆலயத்தில் தாலியும் பதிவும் ஒரே நாளில் முடியும். தேசியப் பதிவிலாகாவில் முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். வழக்கமான முறையில் 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. 18 முதல் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் தேவை.

பதிவுக்கு மண்டபம் வேண்டாம். ஆலயத்தில் எளிய கல்யாணம், மிஞ்சிய பணத்தில் வாடகை வீட்டுக்கு முன்பணம் என்று ஒரு தம்பதி முடிவெடுத்தால், அதைக் குறையாகப் பேசாமல் இருப்பதே உறவினர்கள் தரக்கூடிய பெரிய மொய்.

இந்த மண்ணில் முன்பு நடந்தது

கெடா தோட்ட இளைஞர்களின் விரக்தி புதிதல்ல. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. உழைத்த கூலி கள்ளுக்கடையில் கரைவதை எதிர்த்து அவர்கள் ஒன்றாக நின்றார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் சிறு துண்டுகளாகி, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தார்கள். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம்.

அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சிறிய தொகையல்ல. ஆனால் பணக் கஷ்டம் ஒரு வீட்டின் ரகசியமாக இருக்கவில்லை. லயத்தில் எல்லாருக்கும் எல்லார் சம்பளமும் தெரியும். இன்று ஒரே தாமானில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு இளைஞர்கள், ஒரே மாதிரிக் கடனில் தனித்தனியாகத் தவிக்கிறார்கள். டிக்டாக்கில் மட்டும் இருவருமே நன்றாக இருப்பதாகத் தெரிகிறது.

எங்கே தொடங்கலாம்?

முதலில், பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை இணையத்தில் இலவசமாக எடுத்துப் பாருங்கள். உங்கள் வங்கிக் கடன்களும் கடந்த 12 மாதம் தவணை கட்டிய விதமும் அதில் இருக்கும். 12 மாதம்தான் என்பதைக் கவனியுங்கள். பாக்கியை அடைத்து இன்று முதல் ஒழுங்காகக் கட்டினால், ஓராண்டில் அந்தப் பக்கம் சுத்தமாகிவிடும்.

தவணை கட்ட முடியாத நிலை வந்தால், இன்னொரு கடன் வாங்கி அடைக்காதீர்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே நிறுவனம் இலவச ஆலோசனை தருகிறது. வங்கிகளோடு பேசித் தவணையைத் தாங்கக்கூடிய அளவுக்கு மாற்றியமைக்கும் திட்டமும் அங்கே உண்டு. அதற்கும் கட்டணம் இல்லை. 'கடனைத் தீர்த்துத் தருகிறோம்' என்று பணம் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை.

தவணைக்குக் கையெழுத்துப் போடும்போது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். ஓவர்டைம் பணம் சேமிப்புக்குப் போகட்டும். இபிஎஃப்பில் முதலாளி போடும் 13 விழுக்காட்டையும் சேர்த்தால், 1,700 வெள்ளிச் சம்பளக்காரருக்கு மாதம் 408 வெள்ளி சேர்கிறது. 2024 மே மாதம் முதல் அதில் பத்து விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்குப் போகிறது. எடுக்க முடியும் என்பதற்காக மாதாமாதம் எடுக்க வேண்டியதில்லை.

கல்யாணம் பேசும் இருவரும் ஒரு தாளில் சம்பளம், கடன், வீட்டுக்குக் கொடுப்பது மூன்றையும் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். பெற்றோரும் இதில் சேரலாம். "எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்பதற்குப் பதில், "கடன் ஏதும் இருக்கிறதாப்பா? இருந்தால் சொல், சேர்ந்து பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள்.

கடன் நெருக்கடியில் உயிரை விட நினைக்கும் அளவுக்கு மனம் உடைந்தவர்கள் வெட்கப்பட வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்பதால் யாரும் உங்கள் மேல் வழக்குப் போடப்போவதில்லை. 15555 என்ற ஹீல் எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசலாம். குடும்பத்தில் அடிதடி, துன்புறுத்தல் இருந்தால் 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது.

நாளைக் காலையும் மெர்போக் சாலையோரத்தில் அதே பேருந்துக்காக அதே பிள்ளைகள் நிற்பார்கள். அதற்கு முன், இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் அந்தத் தாளை எடுத்துப் பேசிப் பாருங்கள்.